இருவர் பாடிய தனிமை

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, கண்டி நகரிலிருந்து கலஹாவுக்குச் செல்லும் பஸ் வண்டியில் நாங்கள் மூவரும் பயணம் செய்தோம். மூவர் என்றால் ஒரே வயிற்றில் பிறந்த சகோதரர் மூவர். மூவருமே அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில் எங்கள் அக்காள் காலமாகிவிட்டாள். அவளோடு ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்து நிரைகளில் நின்று கொழுந்து பறித்த மூதாட்டியர் சிலருக்கு அந்தச் செய்தியை நேரில் சொல்லிவிட்டு வருவதே எங்கள் பயணத்தின் நோக்கம்.

பஸ் பேராதனைப் பல்கலைக்கழக வளவைத் தாண்டி, ஹந்தானை மலைத்தொடரை ஒட்டி மெல்ல ஏறத் தொடங்கிற்று. சாரதி ஒரு சிங்கள இளைஞர். அவருடைய பாட்டுப் பெட்டியிலிருந்து சிங்களமும் தமிழும் மாறி மாறி ஒலித்துக்கொண்டிருந்தன. ஒரு வளைவில் வண்டி திரும்பியபோது, நாங்கள் அறுபது ஆண்டுகளாக அறிந்த ஒரு குரல் திடீரென்று எழுந்தது. எங்களுள் மூத்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற இருவரும் ஒன்றும் பேசவில்லை. சாரதியோ, சொற்களின் பொருள் தெரிந்தோ தெரியாமலோ, அந்த மெட்டைத் தாமும் சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

1962ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஆடிப்பெருக்கு’ என்னும் படத்தில், ‘தனிமையிலே’ என்ற சொல்லோடு தொடங்குகிற பாட்டு அது. கே. சங்கர் இயக்கிய அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் ஏ. எம். ராஜா. அந்தப் பாட்டை அவரும் பி. சுசீலாவும் சேர்ந்து பாடினார்கள். துணையற்று நிற்கும் ஒருவருக்கு மகிழ்ச்சி என்ற ஒன்று கிட்டுமா என்ற கேள்விதான் அந்தப் பாட்டின் உயிர்.

ஒரு சினிமாப் பாட்டைப் பற்றி எழுத இந்தப் பக்கங்கள்தானா கிடைத்தன என்று வாசக நண்பர்கள் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. நாங்களும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவர்கள்தாம். ஆனால் ஒரு பாட்டு எங்கே பிறந்தது என்பது மட்டும் அதன் வரலாறாகிவிடாது. அது யாருடைய வாயில் வாழ்ந்தது, எந்தத் துயரத்தைச் சுமந்தது என்பதும் அதன் வரலாறே. சென்னையில் காதலர் இருவருக்காகச் செய்யப்பட்ட அந்தப் பாட்டு, கண்டிச் சீமையின் லயங்களில் வேறொரு பொருளைப் பெற்றது. அந்தப் பொருளைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

முதலில் பாடகரைப் பற்றிச் சில சொற்கள். ஏ. எம். ராஜா 1929ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சித்தூர் மாவட்டத்தில், தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர். 1951இல் வெளிவந்த ‘சம்சாரம்’ படத்தின் மூலம் தமிழ் மக்களுக்கு அறிமுகமானார். ‘மிஸ்ஸியம்மா’ முதலிய படங்களில் ஜெமினி கணேசனின் குரல் அவருடைய குரலே என்று மக்கள் நம்புமளவுக்கு அது பொருந்திற்று. 1959இல் ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ படத்துக்கு இசையமைத்து, இசையமைப்பாளராகவும் புகழ் பெற்றார். ‘விடிவெள்ளி’, ‘தேன் நிலவு’, ‘ஆடிப்பெருக்கு’ என்று அடுத்தடுத்து வந்த படங்களின் இசை அவருடையதே. தம்மோடு பல இணைப்பாட்டுகள் பாடிய ஜிக்கியை அவர் மணந்துகொண்டார்.

ராஜாவின் குரல் முழங்குகிற குரல் அல்ல. அரசர்களுக்கும் வீரர்களுக்கும் ஏற்ற கம்பீரத்தை அதில் தேடினால் கிடைக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், மற்றவர் காதில் விழாமல், மனத்திலிருப்பதைச் சொல்லுகிறவனின் குரல் அது. பகல் முழுவதும் கங்காணியின் அதட்டலையும், கணக்கப்பிள்ளையின் ஏச்சையும், துரையின் கட்டளையையும் கேட்டுக்கேட்டுப் புண்பட்ட காதுகளுக்கு, யாரோ ஒருவர் தணிந்த குரலில் பேசுகிறார் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தக் குரல் மலையில் ஏன் அவ்வளவு செல்வாக்குப் பெற்றது என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த காரணம் இதுவே.

எங்கள் தோட்டம் கலஹாவுக்கு அப்பால் இருந்தது. அதற்கு எட்டாத தூரத்தில் இல்லை லூல்கந்துரைத் தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இந்நாட்டின் தேயிலைத் தொழிலைத் தொடக்கிவைத்த இடம் அது. அந்தத் துரையின் பெயர் பாடநூல்களில் உண்டு. காட்டை வெட்டியவர்களின் பெயர், குழி தோண்டியவர்களின் பெயர், கன்று நட்டவர்களின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளுமே நாங்கள்.

ஒரு லயத்துக் காம்பராவில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, அக்காள், நாங்கள் மூவர். அத்தகைய வீட்டில் தனிமை என்ற சொல்லுக்கே இடமில்லை. தூங்கும்போது ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவர்களும் திரும்பிப் படுக்க வேண்டும். சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரர் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். அப்படிப்பட்ட எங்களுக்கு ஏகாந்தத்தைப் பற்றிய பாட்டு ஏன் பிடித்தது என்பது அந்த வயதில் எங்களுக்கே விளங்கவில்லை.

வானொலிப் பெட்டி எங்கள் வீட்டில் இல்லை. பெரிய பாதையில், பஸ் நிற்கும் சந்தியில், ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அந்தக் கடையின் பலகைத் தட்டில், பற்றறியில் இயங்கும் ஒரு பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசியும் மாவும் வாங்கக் கடைக்குப் போகும் எங்களை அக்காள் அந்தக் கடையின் முன்னால் நிறுத்திவிடுவாள். உள்ளே போய் உட்கார எங்களிடம் காசு இல்லை. ஆகவே பாதையோரத்து மதகில் உட்கார்ந்து, தலைச்சுமைகளைக் கீழே இறக்கிவைத்துவிட்டுக் கேட்போம்.

அது இலங்கை வானொலியின் பொற்காலம். 1950இல் தொடங்கிய அதன் வர்த்தக ஒலிபரப்பு, இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் தென்னிந்தியா முழுவதையும் தன் பக்கம் ஈர்த்திருந்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரலைக் கேட்பதற்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மக்கள் கூடி நின்றார்கள். எண்ணிப் பார்த்தால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சென்னையில் பதிவான பாட்டு கொழும்புக்கு வந்து, அங்கிருந்து காற்றில் ஏறி, மீண்டும் சென்னைக்கே போய்ச் சேர்ந்தது. பாட்டுக்குக் கடவுச்சீட்டுத் தேவைப்படவில்லை. அதைக் கேட்ட எங்களுக்கோ எந்த நாட்டிலும் குடியுரிமை இல்லை.

பாட்டை மனப்பாடம் செய்தபின் நாங்கள் அதைப் பாடிப் பார்ப்போம். அக்காளின் குரல் சற்றுக் கனத்தது; ஆகவே ராஜாவின் பகுதியை அவள் எடுத்துக்கொண்டாள். மீசை முளைக்காத எங்களுக்குக் கீச்சுக் குரல். ஆகவே சுசீலாவின் பகுதி எங்களுடையதாயிற்று. பெண் ஆணாகவும், ஆண்கள் பெண்ணாகவும் நின்று இஸ்தோப்பில் பாடும் அந்தக் கூத்தைப் பார்த்து லயமே சிரிக்கும். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். “வேற பாட்டே கெடைக்கலியா? ஏன் இந்த ஒத்தப்பாட்டு?” என்று அதட்டுவாள். அவளுக்கு ஏதோ முன்கூட்டியே தெரிந்திருந்தது போலும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது சோதிடம் அன்று. பெரியவர்கள் எல்லோரும் அப்போது ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த விஷயத்தின் வேர் 1948இல் இருந்தது. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1964 அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 மனிதர்கள் கணக்கில் எடுக்கப்பட்டார்கள். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. கொழுந்தைப் பெட்டியில் அடைத்துப் பங்கு போடுவது போல மனிதரைப் பங்கு போட்ட அந்தக் கணக்கில், யார் மனைவி, யார் மகள், யார் தம்பி என்ற கேள்விக்கு இடமே இல்லை. அந்த மனிதரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

எங்கள் அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அக்காளை மணந்தவரின் குடும்பம் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. அத்தை மகன்தான், இரண்டு லயம் தள்ளியிருந்த வீடு. கல்யாணம் நடந்தபோது அது இரண்டு லயங்களுக்கு இடையிலான தூரமாகவே எங்களுக்குத் தோன்றிற்று. இரண்டு நாடுகளுக்கு இடையிலான தூரம் அது என்பது பயணத் தேதி குறித்த கடிதம் வந்த பிறகே உறைத்தது.

இலங்கை குடியரசான 1972ஆம் ஆண்டில் அக்காள் புறப்பட்டாள். புறப்படுமுன் ஒரு வாரம் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னாள். எங்கள் வீட்டுக்கும், அந்நியர் வீட்டுக்கு வருவது போல வந்து, இஸ்தோப்பில் நின்று, “போயிட்டு வாறேன்” என்றாள். வருவதாகச் சொல்லிப் போவது நம் வழக்கம். அந்த வழக்கத்தில் அன்று இருந்த பொய்யை அவளும் அறிவாள், நாங்களும் அறிவோம்.

கண்டி ரயில் நிலையத்தில் அன்று மாலை நின்ற கூட்டத்தை எங்களால் மறக்க முடியாது. மலையிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் அந்த ரயிலுக்கு எங்கள் மக்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஒப்பாரிக் கோச்சி. சாவு வீட்டில் பாடவேண்டிய ஒப்பாரியை உயிரோடு இருப்பவர்களுக்காகப் பெண்கள் அங்கே பாடினார்கள். வண்டி நகரும்போது ஜன்னலில் பற்றியிருந்த கைகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. பொல்காவலை, மாஹோ, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் என்று ஓடி, கடற்கரையில் போய் நிற்கும் வண்டி அது. எங்கள் முன்னோர்கள் இறங்கிய கரை அதே மன்னார்க் கரை. கோப்பிக் காலத்தில் அங்கிருந்து காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்துவந்து, வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் ஆயிரக்கணக்கில் பலியானார்கள். அவர்கள் நடந்து வந்த திசைக்கு எதிர்த் திசையில், அவர்களுடைய பேத்திகள் ரயிலில் அனுப்பப்பட்டார்கள். இடையில் கழிந்த காலத்தில் அவர்கள் விளைவித்த செல்வம் அந்த வண்டியில் ஏறவில்லை. ஏறியவை தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருட்டுகளுமே.

அன்றிரவு வீட்டுக்கு வந்தபின், பழக்க தோஷத்தால் எங்களில் இளையவன் அந்தப் பாட்டைத் தொடங்கினான். எங்களிடம் இருந்தது சுசீலாவின் பகுதி மட்டுமே. அது தானாகத் தொடங்காது. ஒருவர் கேட்டபின் மற்றவர் பாட வேண்டிய பகுதி. அந்த ஒருவரின் குரல் அப்போது தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு எங்களுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. வானொலிக்கு நேயர் விருப்பம் எழுதிப் போடுவது. அஞ்சலட்டை அஞ்சலட்டையாக எழுதினோம். எந்தப் பாட்டு என்று சொல்லத் தேவையில்லை. நீலகிரியில் இருக்கும் அக்காளுக்காக, கலஹாத் தம்பிகள் விரும்பிக் கேட்பது என்று ஒவ்வோர் அட்டையிலும் அழகான கையெழுத்தில் எழுதினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக் கடை வாசலில் எங்கள் பெயர்கள் காற்றில் வந்தன. எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடல் தாண்டிய குரல் அக்காளின் வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்றே நம்பினோம்.

அவளுடைய பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்த கடிதம். “தம்பிமாரே, நீங்கள் போட்ட பாட்டை இங்கே கேட்டோம். நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் ஒரே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். கேட்டு முடிந்து ஒருவரும் சோறு தின்னவில்லை. இனி அந்தப் பாட்டைப் போடச் சொல்லாதீர்கள். போடுவதானால் சிரிக்கிற பாட்டாகப் பார்த்துப் போடுங்கள். அட்டை வாங்கும் காசில் அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள்.” கடிதத்தைப் படித்து முடித்ததும் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் சோகத்தை நாங்கள் அழகு பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோ அதற்குள் குடியிருந்தாள்.

நாங்கள் வளர்ந்தோம். எங்களில் இருவர் ஆசிரியர்களானோம். ஒருவர் தோட்டத்திலேயே நின்று தொழிற்சங்கத்தில் உழைத்தார். எழுபதுகளில் கண்டியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பு வட்டம் நடத்தினோம். அங்கே ஒரு நாள் இந்தப் பாட்டைப் பற்றியே விவாதம் வந்தது. தனிமை என்பது சிறுமுதலாளித்துவ மனத்தின் நோய், உழைக்கும் மக்களுக்குத் தனிமை கிடையாது, சினிமாப் பாட்டு மக்களை மயக்கும் மருந்து என்று ஒரு தோழர் அடித்துப் பேசினார். எங்களால் மறுக்க முடியவில்லை. அவர் கூறியதில் உண்மையும் இருந்தது. தனிமை அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் விலைபோன சரக்குத்தான். 1960ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ரோய் ஓர்பிசனும் எல்விஸ் பிரெஸ்லியும் ஏகாந்தத்தைப் பற்றித் தலைக்கொரு பாட்டுப் பாடி இசைத்தட்டுகளை விற்றுக் குவித்தார்கள். பெருநகரங்களில் மனிதனை மனிதனிடமிருந்து பிரித்துவைத்த அதே சமுதாய அமைப்பு, அந்தப் பிரிவுக்கு இரங்கும் பாட்டையும் காசுக்கு விற்றது.

ஆனால் அந்தத் தோழர் ஒன்றைக் கவனிக்கத் தவறினார். அன்று நாங்களும் தவறினோம். மார்க்ஸ் இளைஞராக இருந்தபோது, 1844இல் எழுதிய கையெழுத்துப் படிகளில், தொழிலாளி தான் படைத்த பொருளுக்கும், தன் உழைப்புக்கும், சக மனிதனுக்கும் அந்நியமாகிறான் என்று விளக்கினார். தனிமை வர்க்கச் சமுதாயத்தின் விளைபொருள் என்றால், அதன் முழுப் பாரமும் உழைப்பவர் தலையில் விழுவதில் வியப்பென்ன? எங்கள் மலையில் அது இன்னும் கொடிய வடிவம் எடுத்தது. இங்கே தனிமை என்பது மனநிலை அன்று, சட்டம். அதற்கு இலக்கமும் தேதியும் கையெழுத்தும் இருந்தன. எங்கள் லயத்தில் இருந்த பதினாறு குடும்பங்களில் பிளவுபடாத குடும்பம் ஒன்றுகூட இல்லை. சந்திரனைப் பார்த்து ஏங்கும் காதலனின் தனிமைக்கு விதி காரணமாக இருக்கலாம். எங்கள் அக்காளின் தனிமைக்குக் காரணமானவர்கள் மேசையில் அமர்ந்து பேசிய மனிதர்கள்.

மக்கள் இதை அறியாமல் பாடினார்கள் என்று நினைப்பது படித்தவர்களின் மயக்கம். சினிமா வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தெம்மாங்கிலும் பிரிவைப் பாடி வைத்தவர்கள் எங்கள் மக்கள். சி. வி. வேலுப்பிள்ளை அந்த வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டி 1983இல் நூலாக்கினார். அந்த நூலைப் புரட்டுகிறவர்களுக்கு, பிரிவுக்குக் காரணமானவர்களை மக்கள் எவ்வளவு தெளிவாக அடையாளம் கண்டிருந்தார்கள் என்பது புரியும். அந்தப் பழைய பாத்திரத்தில்தான் ராஜாவின் புதிய மெட்டும் ஊற்றப்பட்டது.

ராஜாவின் வாழ்வும் பிற்காலத்தில் அவர் பாடிய பாட்டைப் போலவே ஆயிற்று. ‘ஆடிப்பெருக்கு’ வந்து சில ஆண்டுகளுக்குள் திரையுலகில் அவருக்கு வாய்ப்புகள் அருகிவிட்டன. நாற்பதை எட்டுமுன்பே அவரைப் பழைய பாடகர் என்று ஒதுக்கிவிட்டார்கள். எழுபதுகளில் சில பாட்டுகள் கிடைத்தன. ஆனால் பழைய இடம் திரும்பவில்லை. அவரும் ஜிக்கியும் மேடைக் கச்சேரிகளை நம்பி வாழ்ந்தார்கள். தேயிலைத் தூர் தளிர்விடும்வரை கிள்ளிவிட்டுப் பிறகு வெட்டிப் போடுகிற தொழில் ஒன்று இருக்கிறது. கலைஞனின் குரலை வைத்துக் காசு பண்ணுகிற தொழிலும் அதற்கு இளைத்ததன்று. 1989 ஏப்ரலில், கச்சேரிக் குழுவோடு பயணம் செய்துகொண்டிருந்த ராஜா, திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூர் ரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். அவருக்கு வயது அறுபதுகூட நிறையவில்லை.

அந்தச் செய்தியை எங்களுக்குச் சொன்னதும் அக்காளின் கடிதமே. 1989ஆம் ஆண்டு கண்டிப் பகுதியில் எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். பாதையோரங்களில் இளைஞர்களின் உடல்கள் கிடந்த காலம் அது. கடிதம் பல வாரங்கள் பிந்தி வந்தது. அதில் அவள் எழுதியிருந்தாள்: “நம்ம ராஜா கோச்சியில் அடிபட்டுச் செத்துப்போனார். ஜிக்கி அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கோச்சி என்றாலே எனக்கு ஆகாது.” அவ்வளவுதான். பதினேழு ஆண்டுகளில் அந்த ரயிலைப் பற்றி அவள் எழுதிய ஒரே வாக்கியம் அது. இடையில் 1983 ஜூலைக்குப் பின் கப்பல் போக்குவரத்தும் 1984இல் நின்றுவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேயே சிக்கிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். போனவர்களால் திரும்ப முடியவில்லை. போகவேண்டியவர்களால் போக முடியவில்லை.

2004இல் நாங்கள் முதல் முறையாகக் கோத்தகிரிக்குச் சென்றோம். நாடற்றவராக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் இலங்கையில் 2003இல் நிறைவேறியிருந்தது. அந்த மகிழ்ச்சியை அக்காளிடம் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்க்கிறோம். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. அங்கேயும் அதே பச்சை, அதே பனி, அதே கூடை. “இங்கே எங்களைச் சிலோன்காரர் என்கிறார்கள், அங்கே இந்தியாக்காரர் என்றார்கள்” என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சட்டத்தைப் பற்றி நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா இருந்தபோது போட்டிருக்கலாம்” என்றாள். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

அன்றிரவு அவளைப் பாடச் சொன்னோம். மறுத்துவிட்டாள். மறுநாள் அடுப்பங்கரையில் அவளாகவே முணுமுணுத்தாள். மெட்டுச் சற்றுப் பிசகியிருந்தது. ஆனால் அவள் பாடியது ராஜாவின் பகுதி அன்று, சுசீலாவின் பகுதி. இத்தனை ஆண்டுகளாக அவள் எங்களுடைய பகுதியைப் பாடிவந்திருக்கிறாள். நாங்கள் இங்கே அவளுடைய பகுதியைப் பாடிவந்தோம். ஒருவரில்லாத இடத்தை நிரப்ப, ஒவ்வொருவரும் மற்றவரின் குரலைக் கற்றுக்கொண்டோம்.

அந்தப் பாட்டைப் பற்றி எங்களுக்கு அப்போதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. அது தனிமையைப் பற்றிய பாட்டு. ஆனால் அதைப் பாடுவதற்கு இருவர் வேண்டும். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜாவும் சுசீலாவும் தமிழில் பாடிய அந்தக் கேள்வியை, நாடற்றுப் போனவர்கள் கடலின் இரு கரைகளிலும் தங்கள் கேள்வியாக்கிக்கொண்டார்கள். ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றிச் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தவர்கள் தனித்தனியே அழவில்லை, கூடி அழுதார்கள். கூடி அழத் தெரிந்தவர்கள் கூடிக் கேட்கவும் கற்பார்கள். படிப்பு வட்டத்தில் அன்று அந்தத் தோழருக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

சென்ற மாதப் பயணத்துக்குத் திரும்புவோம். பஸ்ஸைவிட்டு இறங்கி நாங்கள் பழைய லயத்துக்குப் போனோம். அக்காளோடு பறித்தவர்களில் இரண்டு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். செய்தியைக் கேட்டு ஒருத்தி ஓவென்று அழுதாள். மற்றவளுக்குக் காது கேட்கவில்லை. மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் முறை சொல்லும்போதுதான் எங்களுக்கே அழுகை வந்தது.

அந்த மூதாட்டி பேத்தியோடு இருக்கிறாள். பேத்தியின் தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறான், தீபாவளிக்கு வருவான். இரவில் அந்தச் சிறுமி கைத்தொலைபேசியின் கண்ணாடியில் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறாள். அந்த லயத்தில் இப்படி எத்தனை வீடு என்று கேட்டோம். சிறுமி விரல்விட்டு எண்ணினாள். இரண்டு கைகளும் போதவில்லை. அன்று ஒப்பந்தம் பிரித்தது. இன்று கூலி பிரிக்கிறது. தோட்டத்து நாட்சம்பளத்தில் ஒரு குடும்பம் ஒன்றாக வாழ முடியுமானால், எந்தத் தாயும் பாலைவனத்து வீட்டுச் சமையலறையில் நின்று தன் பிள்ளையின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் பேசாமல் ஒடுங்கி இருக்கும் பிள்ளையைப் பார்த்து ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் மௌனத்துக்குப் பின்னால் எந்த ஒப்பந்தம், எந்தச் சம்பளச் சீட்டு, எந்த விமானச் சீட்டு இருக்கிறது என்று கேளுங்கள். 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர்கள் நடந்த பாதையில், நீதி கேட்டு, வெயிலில் நடந்தார்கள்; வேறு இனத்தவரும் அவர்களோடு நடந்தார்கள். எங்களில் ஒருவர் கடைசி நாள் மாத்தளையில் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஒப்பாரிக் கோச்சி போன வழியில் மக்கள் தம் சொந்தக் கால்களால் திரும்பிவந்த காட்சி அது என்று அவர் சொன்னார்.

புறப்படும்போது அந்தச் சிறுமி, நாங்கள் பஸ்ஸில் கேட்டதாகச் சொன்ன பாட்டைத் தன் தொலைபேசியில் தேடி எடுத்துவிட்டாள். ராஜாவின் குரல் அந்தப் பழைய இஸ்தோப்பில் மீண்டும் ஒலித்தது. “இது யார் தாத்தா?” என்று கேட்டாள். பெயரைச் சொன்னோம். சுசீலாவின் முறை வந்ததும், எங்களில் மூத்தவர் தம்மையறியாமல் சேர்ந்து பாடத் தொடங்கினார். அறுபது ஆண்டுகளில் கீச்சுக் குரல் கரகரத்துவிட்டது. சிறுமி வாய்விட்டுச் சிரித்தாள். அக்காள் கேட்ட சிரிக்கிற பாட்டு அதுதானோ என்னவோ! காது கேளாத அந்த மூதாட்டியும், எதற்கு என்று தெரியாமலே, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.